பிள்ளைகளின் தொலைக்காட்சியில் நோயும் நீதியும்



பிள்ளைகள் பார்க்கும் தொலைக்காட்சி நிகழ்ச்சிகளில் நோயைப் பற்றி என்ன சொல்லப்படுகிறது? அதோடு சேர்த்து என்ன நீதி போதிக்கப்படுகிறது? இன்றைய பேச்சின் பொருள் இதுதான். இது ஏதோ படித்தவர்கள் கூடிப் பேச வேண்டிய விஷயம் என்று எண்ணிவிடாதீர்கள். வீட்டில் ஐந்து வயதுப் பிள்ளை ஒன்று இருந்தால், இது உங்களுடைய விஷயம்.

வெட்டுக்காட்டிலிருந்தோ, செம்பனைக் காட்டிலிருந்தோ, தொழிற்சாலையிலிருந்தோ திரும்பி வந்து குளித்துவிட்டு அடுப்படிக்குப் போகிறோம். அந்த நேரத்தில் பிள்ளைகள் தொலைக்காட்சிப் பெட்டியின் முன்னால் உட்கார்ந்திருக்கிறார்கள். பெட்டி இல்லையென்றால் கைத்தொலைபேசி இருக்கிறது. "சித்திரப்படம்தானே பார்க்கிறார்கள், கடைசியில் நல்ல புத்தி சொல்லித்தானே முடிக்கிறார்கள்" என்று நாமும் நிம்மதியாக இருந்துவிடுகிறோம். அந்த நல்ல புத்தி பிள்ளையின் மனத்தில் எந்த வடிவத்தில் போய்ச் சேர்கிறது என்பதைச் சற்று நின்று பார்ப்போம்.

நமக்கெல்லாம் பழக்கமான கதை ஒன்று உண்டு. ஒரு பையன். மழையில் ஆடாதே என்று அம்மா சொல்கிறார். அவன் கேட்கவில்லை. மறுநாள் காய்ச்சல். கசப்பு மருந்து, ஊசி, அழுகை. "இனிமேல் அம்மா பேச்சைக் கேட்பேன்" என்கிறான். காய்ச்சல் விடுகிறது. கதை முடிகிறது. இதே கதை ஆயிரம் வடிவங்களில் வருகிறது. மழைக்குப் பதில் மிட்டாய், காய்ச்சலுக்குப் பதில் பல் வலி, அவ்வளவுதான் வேறுபாடு.

இந்தக் கதையில் இரண்டு செய்திகள் ஒன்றாகப் பின்னிக் கிடக்கின்றன. ஒன்று, நோய்க்குக் காரணம் உண்டு என்பது. மற்றொன்று, நோய் என்பது தப்புச் செய்ததற்குக் கிடைத்த தண்டனை என்பது. பெரியவர்களாகிய நாம் இரண்டையும் பிரித்துப் புரிந்துகொள்வோம். சின்னப் பிள்ளையால் அது முடிவதில்லை.

ஏன் முடிவதில்லை? சுவிட்சர்லாந்து நாட்டைச் சேர்ந்த ஜீன் பியாஜே என்ற உளவியல் அறிஞர், பிள்ளைகள் நல்லது கெட்டதை எப்படி எடைபோடுகிறார்கள் என்பதை ஆராய்ந்து 1932இல் ஒரு நூல் வெளியிட்டார். அவர் பிள்ளைகளிடம் ஒரு கதையைச் சொன்னார். ஒரு சிறுவன் ஆப்பிள் திருடிவிட்டு ஓடுகிறான். வழியில் ஒரு பழைய மரப்பாலம். பலகை உளுத்துப்போயிருக்கிறது. பாலம் முறிந்து அவன் தண்ணீரில் விழுகிறான். "அவன் திருடாமல் இருந்து, அதே பாலத்தில் நடந்திருந்தால் விழுந்திருப்பானா?" என்று கேட்டார். ஆறு வயதுப் பிள்ளைகளில் பெரும்பாலோர், விழுந்திருக்க மாட்டான் என்ற பொருள்படவே பதில் சொன்னார்கள். உளுத்த பலகை அவர்கள் கண்ணில் படவில்லை, திருட்டுத்தான் பட்டது. வயது ஏற ஏறத்தான் பிள்ளைகள் பலகையைப் பார்க்கத் தொடங்குகிறார்கள்.

இப்போது பாலத்தை எடுத்துவிட்டு நோயை அந்த இடத்தில் வையுங்கள். நோயில் படுத்த பிள்ளை தன்னையே கேட்டுக்கொள்ளும்: "நான் என்ன தப்புச் செய்தேன்?" மருத்துவமனைகளில் நோயுற்ற பிள்ளைகளோடு பழகுகிறவர்கள் இந்தக் கேள்வியை நன்றாக அறிவார்கள். தம்பிக்கு நோய் வந்தாலும் அப்படியே. "நேற்று நான் அவனை அடித்தேனே, அதனால்தான் வந்ததோ" என்று அண்ணன் உள்ளுக்குள் புழுங்குவான். வெளியே சொல்ல மாட்டான்.

இதனால் வரும் கேடு மனவருத்தத்தோடு நின்றுவிடுவதில்லை. நோய் தண்டனை என்று நம்பும் பிள்ளை, காய்ச்சல் வந்தால் அதை மறைக்கும். "ஆற்றங்கரைக்குப் போகாதே என்றேனே" என்று திட்டு விழும் என்ற பயத்தில் தலைவலியை வெளியே சொல்லாது. டிங்கிக் காய்ச்சல் நடமாடும் நம் நாட்டில், ஒரு நாள் மறைப்பதும் ஆபத்தாக முடியலாம். இன்னொரு கேடும் உண்டு. நோய் தண்டனையென்றால், நோயாளி குற்றவாளி ஆகிவிடுகிறான். பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கு வலிப்பு வந்தால், தோலில் படை இருந்தால், "அவனோடு சேராதே" என்று பிள்ளைகள் கூட்டமாக ஒதுக்கிவிடுவார்கள்.

பிள்ளைகளுக்காகத் தயாரிக்கப்பட்ட நல்ல நிகழ்ச்சிகள் இந்தச் சிக்கலை எப்படிச் சமாளித்தன? உலகின் பல பகுதிகளிலிருந்து சில உதாரணங்களைப் பார்ப்போம்.

முதலாவது, அமெரிக்காவில் 1969இல் தொடங்கிய செசமி ஸ்ட்ரீட். நம்மில் பலருக்குப் பெயர் தெரிந்த நிகழ்ச்சி. அதில் ஒரு தெரு, தெருவில் ஒரு கடை, கடைக்காரர் ஹூப்பர். தொடக்கம் முதல் அந்த வேடத்தில் நடித்தவர் வில் லீ. அவர் 1982 டிசம்பரில் மாரடைப்பால் காலமானார். தயாரிப்பாளர்களுக்குப் பெரிய சங்கடம். வேறு நடிகரைப் போடலாமா? ஹூப்பர் ஓய்வு பெற்று வெளியூர் போய்விட்டார் என்று சொல்லிவிடலாமா? இரண்டும் எளிய வழிகள். இரண்டையும் அவர்கள் விட்டுவிட்டார்கள். பிள்ளைகளின் மனம் அறிந்த வல்லுநர்களைக் கலந்துகொண்டு, உள்ளதை உள்ளபடி சொல்வதென்று முடிவு செய்தார்கள்.

1983 நவம்பர் 24ஆம் நாள் அந்தப் பகுதி ஒளிபரப்பானது. அது அமெரிக்காவில் குடும்பத்தார் எல்லாரும் வீட்டில் கூடியிருக்கும் நன்றிப் பெருநாள். பிள்ளை கேள்வி கேட்டால் பதில் சொல்லப் பெற்றோர் பக்கத்தில் இருக்க வேண்டும் என்பதற்காகவே அந்த நாளைத் தேர்ந்தெடுத்தார்கள். பிக் பேர்ட் என்னும் பெரிய மஞ்சள் பறவை, தன் நண்பர்களின் படங்களை வரைந்து ஒவ்வொருவருக்கும் கொடுக்கிறது. ஹூப்பரின் படம் மட்டும் கையில் மிஞ்சுகிறது. அவர் வந்ததும் கொடுக்கிறேன் என்கிறது. இறந்தவர் திரும்பி வர மாட்டார் என்று பெரியவர்கள் மெல்ல எடுத்துச் சொல்கிறார்கள். பறவைக்குத் துக்கமும் கோபமும் வருகின்றன. பெரியவர்களின் கண்களும் கலங்குகின்றன. யாரும் அதை மறைக்கவில்லை.

இதில் நாம் கவனிக்க வேண்டிய நுட்பம் ஒன்று உண்டு. ஹூப்பர் நோய்வாய்ப்பட்டு இறந்தார் என்றோ, ஆஸ்பத்திரியில் இறந்தார் என்றோ அவர்கள் சொல்லவில்லை. வேண்டுமென்றேதான் அதை விட்டார்கள். எல்லாப் பிள்ளைகளுக்கும் நோய் வரும். பலர் ஆஸ்பத்திரிக்குப் போக நேரும். நோய் வந்தால் சாவு, ஆஸ்பத்திரிக்குப் போனால் திரும்ப மாட்டோம் என்று பிள்ளை முடிச்சுப் போட்டுவிடக் கூடாதல்லவா? ஒரு சொல்லைச் சேர்ப்பதிலும் விடுவதிலும் இவ்வளவு யோசனை வேண்டியிருக்கிறது.

அதற்கும் முன்பே, 1970இல், அதே நாட்டில் ஃபிரெட் ரோஜர்ஸ் என்பவர் தம் நிகழ்ச்சியில் ஒரு காட்சியைக் காட்டினார். தொட்டியில் வளர்த்த மீன் ஒன்று அசையாமல் கிடக்கிறது. அதை உப்புத் தண்ணீரில் விட்டுப் பார்க்கிறார், பிழைக்கவில்லை. மண்ணில் புதைக்கிறார். தாம் சிறுவனாக இருந்தபோது வளர்த்த நாய் இறந்ததையும், அப்போது தாம் அழுததையும் சொல்கிறார். மீன் செத்ததற்கு யார் மீதும் அவர் பழி போடவில்லை. முயன்றும் முடியாத காரியங்கள் உலகில் உண்டு. அப்போது வருந்துவது தவறில்லை என்ற பாடம் பிள்ளைகளுக்குக் கிடைத்தது.

அடுத்து தென்னாப்பிரிக்காவுக்குப் போவோம். அங்கே செசமி ஸ்ட்ரீட்டைப் பின்பற்றி, டக்கலானி செசமி என்ற நிகழ்ச்சி 2000ஆம் ஆண்டில் தொடங்கியது. எய்ட்ஸ் நோய் அந்நாட்டில் வீடு வீடாகப் புகுந்து, எத்தனையோ பிள்ளைகளை அநாதையாக்கிக்கொண்டிருந்த காலம் அது. 2002இல் அந்நிகழ்ச்சியில் காமி என்ற புதிய பொம்மைப் பாத்திரம் வந்தது. காமி ஐந்து வயதுப் பெண். எச்.ஐ.வி. கிருமி அவள் உடம்பில் இருக்கிறது. அவளுடைய தாய் எய்ட்ஸ் நோயால் இறந்துவிட்டாள். அவள் பெயர், ஏற்றுக்கொள்ளுதல் என்று பொருள்படும் அந்நாட்டுச் சொல் ஒன்றிலிருந்து எடுக்கப்பட்டது.

காமி எல்லாப் பிள்ளைகளையும் போல் ஆடுகிறாள், பாடுகிறாள், சில நாள் சோர்ந்திருக்கிறாள், தாயை நினைத்து ஏங்குகிறாள். கையைப் பிடிப்பதாலும், சேர்ந்து விளையாடுவதாலும், கட்டியணைப்பதாலும் அந்தக் கிருமி பரவாது என்பதைப் பிள்ளைகள் கண்ணால் பார்த்தே தெரிந்துகொண்டார்கள். நோய் எப்படி வந்தது, யார் குற்றவாளி என்ற விசாரணை அங்கே இல்லை. அவளோடு எப்படிப் பழகுவது என்பதே பாடம். 2003இல் யுனிசெஃப் என்னும் ஐக்கிய நாடுகளின் சிறுவர் நிதியம் காமியைச் சிறுவர்களின் தூதுவராக ஏற்றுச் சிறப்பித்தது.

இழுப்பு என்று நாம் சொல்லும் ஆஸ்துமாவைப் பற்றியும் ஒரு நல்ல கதை உண்டு. ஆர்தர் என்ற சித்திரத் தொடரில் 1999இல் வந்தது. பஸ்டர் என்ற முயல் பையனுக்கு ஆஸ்துமா என்று தெரிகிறது. தோழர்கள் அவனைக் கண்ணாடிப் பாத்திரம்போல் பொத்திப் பொத்திப் பாதுகாக்கத் தொடங்குகிறார்கள். அவனுக்கு அது பிடிக்கவில்லை. அது ஒருவரிடமிருந்து ஒருவருக்குத் தொற்றும் நோய் அன்று. மருந்தை முறையாக எடுத்துக்கொண்டால் அவனும் விளையாடலாம் என்று கதை விளக்குகிறது. ஒதுக்கி வைப்பது ஒரு கொடுமையென்றால், அளவுக்கு மீறிய பரிதாபமும் பிள்ளையைத் தனிமைப்படுத்தும். புகைமூட்ட நாள்களில் பிள்ளையின் நெஞ்சு இழுப்பதைக் கண்டு கலங்கும் தாய்மாருக்கு இது நன்றாகப் புரியும்.

நம் வாழ்க்கைக்கு இன்னும் நெருக்கமான ஒன்றைச் சொல்கிறேன். தெற்காசிய நாடுகளுக்காக யுனிசெஃப் 1990களின் தொடக்கத்தில் மீனா என்ற சித்திரத் தொடரை உருவாக்கியது. இந்தியாவின் புகழ்பெற்ற சித்திரப்படக் கலைஞர் ராம் மோகன் அதில் பெரும் பங்கு கொண்டார். மீனா ஒரு கிராமத்துச் சிறுமி. ராஜு அவள் தம்பி. மிட்டு என்ற கிளி அவர்களுடைய தோழன். ஒரு கதையில் மாம்பழத்தைப் பங்கிடும்போது பையனுக்குப் பெரிய துண்டு, பெண்ணுக்குச் சிறிய துண்டு. ஏன் என்று மீனா கேட்கிறாள். அவன் அதிகம் உழைக்கிறான் என்ற எண்ணம் வீட்டில். சரி, ஒரு நாள் வேலையை மாற்றிக்கொள்வோம் என்று இருவரும் மாற்றிக்கொள்கிறார்கள். மீனாவின் வேலைகளைச் செய்து களைத்துப்போன ராஜு, மீனாவுக்குரிய சிறிய பங்கோடு பசியில் தவிக்கிறான். அப்போதுதான் வீட்டாருக்கு உண்மை விளங்குகிறது.

பாருங்கள், இந்தக் கதையில் புத்தி சொல்லப்படுவது பிள்ளைக்கு அன்று, பெற்றோருக்கு. பெண்பிள்ளை ஏன் அடிக்கடி சோர்ந்து படுக்கிறாள்? அவள் சொல் கேட்காததாலா? தட்டில் விழும் சோறு குறைவதாலா? காரணத்தைச் சரியான இடத்தில் தேடச் சொல்கிறது அந்தக் கதை. கை கழுவுதல், வயிற்றுப்போக்கு, தடுப்பூசி ஆகியவற்றையும் இதே முறையில்தான் மீனா தொடர் எடுத்துச் சொன்னது.

இத்தனை நல்ல நிகழ்ச்சிகள் இருக்கும்போது, அவற்றை மட்டும் போட்டுக் காட்டிவிட்டால் போதாதா என்று நீங்கள் கேட்கலாம். போதாது. அதற்கு ஓர் ஆராய்ச்சியே சான்று.

அமெரிக்காவில் கிளிஃபர்ட் என்ற பெரிய சிவப்பு நாயைப் பற்றி ஒரு சித்திரத் தொடர் உண்டு. அதில் ஒரு கதையில் மூன்று கால் நாய் ஒன்று வருகிறது. அதைக் கண்டு அஞ்சி ஒதுங்கும் தோழ நாய் கடைசியில் அச்சம் நீங்கி நட்பாகிறது. உடற்குறை உள்ளவர்களை ஒதுக்காதே என்பதே கதையின் நீதி. அந்நாட்டு ஆய்வாளர்கள் இருவர் இதை ஐந்தாறு வயதுப் பிள்ளைகளுக்குப் போட்டுக் காட்டி, "இதிலிருந்து என்ன தெரிந்துகொண்டாய்?" என்று கேட்டார்கள். 2008இல் வெளியான அந்த ஆய்வின்படி, பெரும்பாலான பிள்ளைகள் கதையின் நீதியைப் பிடிக்கவே இல்லை. மூன்று கால் நாயிடம் அன்பாக இருக்க வேண்டும் என்ற அளவில்தான் பலருக்குப் புரிந்திருந்தது. நாய் வாழும் உலகத்திலிருந்து மனிதர் வாழும் உலகத்துக்கு அந்த நீதி தாண்டி வரவில்லை.

இதில் வியப்பில்லை. கதையின் பெரும்பகுதி நேரம் அச்சத்தையும் ஒதுக்குதலையும் காட்டிவிட்டு, கடைசி ஒரு நிமிடத்தில் நட்பைக் காட்டினால், பிள்ளை எதை அதிகம் பார்த்தது? அச்சத்தைத்தானே? சோறு முழுவதும் உப்பில்லாமல் ஆக்கிவிட்டு, கடைசிக் கவளத்தில் உப்பைக் கொட்டுவது போன்ற சமையல் அது.

அதே ஆய்வாளர்கள் பிறகு வேறொரு முறையைச் செய்து பார்த்தார்கள். கதையின் நடுநடுவே நிறுத்தி, நீதியை எளிய சொற்களில் நேராக விளக்கும் சிறு பகுதிகளைச் சேர்த்தார்கள். அப்போது பிள்ளைகள் முன்னைவிட நன்றாகப் புரிந்துகொண்டார்கள். நமக்கு வேண்டிய செய்தி இதில்தான் இருக்கிறது. அந்த விளக்கத்தைத் தொலைக்காட்சிக்காரர்கள் சேர்க்கும்வரை நாம் காத்திருக்க வேண்டியதில்லை. பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் தாயோ தகப்பனோ பாட்டியோ சொல்லும் ஒரு வாக்கியம் அந்த வேலையைச் செய்யும்.

தொலைக்காட்சி சொல்லிக்கொடுக்க முடியாத சில விஷயங்களும் உண்டு. பெப்பா பிக் என்ற பன்றிக்குட்டிக் கதையை நம் பிள்ளைகளும் விரும்பிப் பார்க்கிறார்கள். பிரிட்டிஷ் தொடர் அது. அதில் ஒரு கரடி டாக்டர். சாதாரணச் சளி என்றாலும் கூப்பிட்டவுடன் வீட்டுக்கு ஓடி வருகிறார்; தானாகவே ஆறிவிடும் தொல்லைக்கும் மருந்து கொடுக்கிறார். 2017 டிசம்பரில், பிரிட்டிஷ் மருத்துவ இதழ் ஒன்றில் குடும்ப மருத்துவர் ஒருவர் இதைப் பற்றிச் சற்று நகைச்சுவையாகவே எழுதினார். இதைப் பார்த்து வளரும் பிள்ளைகளும் பெற்றோரும், சின்னச் சளிக்கும் டாக்டரும் மருந்தும் உடனே வேண்டும் என்று எதிர்பார்க்க மாட்டார்களா என்பது அவருடைய கேள்வி. சிரிப்போடு சொன்னாலும் கேள்வி உண்மையானது. சாதாரணச் சளி வைரஸ் கிருமியால் வருவது. பாக்டீரியாவைக் கொல்லும் மாத்திரைகள் அதற்கு உதவா.

அதே தொடரில் சிலந்தியைக் கண்டு பயப்பட வேண்டாம் என்று சொல்லும் கதை ஒன்று உண்டு. இங்கிலாந்தில் அது நல்ல நீதி. ஆஸ்திரேலியாவிலோ கொடிய விஷமுள்ள சிலந்திகள் இருக்கின்றன. எனவே அந்நாட்டுத் தொலைக்காட்சி நிலையம் 2012இல் அந்தக் கதையை ஒளிபரப்பிலிருந்து எடுத்துவிட்டது. ஒரு நாட்டின் நல்ல புத்தி, இன்னொரு நாட்டில் ஆபத்தாக முடியலாம் என்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் கிடைப்பது அரிது.

நம் நிலைமைக்கு வருவோம். சித்திரப்படத்தில் காய்ச்சல் பத்து நிமிடத்தில் தீர்ந்துவிடும். டிங்கிக் காய்ச்சல் அப்படிப்பட்டதன்று. காய்ச்சல் தொடங்கி மூன்றாம் நாளிலிருந்து ஏழாம் நாளுக்குள், உடம்புச் சூடு இறங்கும் நேரத்தில்தான் சிலருக்கு ஆபத்து தொடங்குகிறது. சூடு தணிந்துவிட்டதே என்று பிள்ளையை விளையாட விட்டுவிடக் கூடாது. கடும் வயிற்று வலி, ஓயாத வாந்தி, பல் ஈறிலோ மூக்கிலோ இரத்தம், மிகுந்த சோர்வு ஆகிய அறிகுறிகளில் எது தென்பட்டாலும் உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். படத்தில் காய்ச்சல் விட்டவுடன் கதை முடிகிறது. வீட்டில் கதை அங்கே முடிவதில்லை என்பதைப் பிள்ளைக்கும் சொல்ல வேண்டும். நாமும் மறக்கக் கூடாது.

அப்படியானால் வீட்டில் நாம் என்ன செய்யலாம்? நான்கு காரியங்களைச் சொல்கிறேன். எதற்கும் காசு வேண்டியதில்லை.

முதலாவது, காரணத்தையும் குற்றத்தையும் பிரித்துச் சொல்லுங்கள். "கை கழுவாவிட்டால் கிருமி வாய்க்குள் போகும், வயிறு வலிக்கும்" என்பது காரணம். "கை கழுவவில்லை, அதனால்தான் உனக்கு நல்லா வேணும்" என்பது பழி. முதல் வாக்கியத்தைக் கேட்ட பிள்ளை கை கழுவும். இரண்டாவதைக் கேட்ட பிள்ளை வயிற்று வலியை மறைக்கும். படத்தில் யாருக்காவது நோய் வந்தால், அந்த இடத்திலேயே, "பாவம், அவனுக்குக் கிருமி தொற்றிவிட்டது. இது யாருக்கும் வரலாம்" என்று ஒரு வார்த்தை சொல்லுங்கள். கடைசிவரை காத்திருக்காதீர்கள்.

இரண்டாவது, டாக்டரையும் மிஸ்ஸியையும் பூச்சாண்டி ஆக்காதீர்கள். "சாப்பிடாவிட்டால் மிஸ்ஸியிடம் சொல்லி ஊசி போடச் சொல்வேன்" என்று மிரட்டுவது நம் வீடுகளில் வழக்கமாகிவிட்டது. அந்தக் காலத்தில் தோட்ட ஆஸ்பத்திரி டிரசரைக் காட்டி மிரட்டினார்கள். இப்போது கிளினிக்கைக் காட்டி மிரட்டுகிறோம். ஊசி தண்டனையென்றால், தடுப்பூசி நாளன்று அந்தப் பிள்ளை எதை நினைத்து அழும்? தான் செய்யாத குற்றத்தை நினைத்தல்லவா அழும்? "கொஞ்சம் வலிக்கும், சீக்கிரம் போய்விடும், பெரிய நோய் வராமல் காக்கும்" என்று உண்மையைச் சொல்லுங்கள். வலிக்கவே வலிக்காது என்று பொய் சொன்னால், அடுத்த முறை நம் பேச்சுக்கு மதிப்பிருக்காது.

மூன்றாவது, எது தொற்றும், எது தொற்றாது என்பதைத் தெளிவாகச் சொல்லுங்கள். ஆயாக் கொட்டகையிலும் பாலர் பள்ளியிலும் கை, கால், வாய்ப்புண் நோய் வந்தால், அது தொற்றும்; குணமாகும்வரை பிள்ளையை வீட்டில் வைத்திருக்க வேண்டும். அது தள்ளி வைப்பதாகாது. மற்றப் பிள்ளைகளுக்கு நாம் செய்யும் உதவி. குணமானதும் பழையபடி சேர்ந்து விளையாடலாம். வலிப்பும் ஆஸ்துமாவும் பிறவிக் குறைகளும் தொற்றவே தொற்றா. படத்தில் அப்படிப்பட்ட பாத்திரம் வரும்போது, "நம் லயத்தில் இப்படி யாராவது இருந்தால் நீ என்ன செய்வாய்?" என்று கேளுங்கள். மூன்று கால் நாயின் பாடம் மனிதருக்கு வந்து சேர்வது அந்தக் கேள்வியால்தான்.

நான்காவது, பிள்ளையைப் பேச விடுங்கள். படம் முடிந்ததும், "அவனுக்கு ஏன் காய்ச்சல் வந்தது என்று நினைக்கிறாய்?" என்று கேட்டுப் பாருங்கள். வரும் பதிலிலிருந்து பிள்ளையின் மனத்தில் என்ன ஓடுகிறது என்பது தெரிந்துவிடும். "அவன் கெட்ட பையன்" என்று பதில் வந்தால், அடிக்கவோ சிரிக்கவோ வேண்டாம். ஆறு வயதில் அப்படித்தான் தோன்றும். "கெட்ட பையனுக்கும் வரும், நல்ல பையனுக்கும் வரும். கொசு ஆளைப் பார்த்தா கடிக்கிறது?" என்று கேளுங்கள். பிள்ளைக்குச் சிரிப்பும் வரும், புத்தியும் வரும்.

அம்மை நோயைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்லத்தான் வேண்டும். பிள்ளைக்கு அம்மை போட்டால் நம் வீடுகளில் வேப்பிலை செருகுவோம், வீட்டைச் சுத்தமாக வைப்போம், வெளியாரை உள்ளே விட மாட்டோம், ஆத்தா வந்திருக்கிறாள் என்போம். இதில் பிள்ளையை அமைதியாகப் படுக்க வைத்துப் பார்த்துக்கொள்ளும் அன்பு இருக்கிறது. நோய் மற்றவருக்குப் பரவாமல் தடுக்கும் முன்யோசனையும் இருக்கிறது. ஆனால், "நீ ஏதோ தெய்வக் குற்றம் செய்துவிட்டாய்" என்று அந்தப் பிள்ளையின் காதில் விழும்படி பேசுவதை மட்டும் விட்டுவிட வேண்டும். சின்னம்மை ஒரு வைரஸ் கிருமியால் வருவது. பல தலைமுறைகளை வாட்டிய பெரியம்மையோ, தடுப்பூசியால் அடியோடு அழிந்துவிட்டது. அது உலகத்திலேயே இல்லாமல் ஒழிந்தது என்று உலகச் சுகாதார நிறுவனம் 1980இல் அறிவித்தது. காரணத்தைத் தேடிப் போன மனிதர்கள்தான் அதை ஒழித்தார்கள்.

இது மேல்நாட்டார் வந்து நமக்குப் புதிதாகச் சொல்லித்தர வேண்டிய அறிவும் அன்று. திருக்குறளில் மருந்து என்றே ஓர் அதிகாரம் இருக்கிறது. அளவறிந்து உண்ணச் சொல்கிறார் வள்ளுவர். நோய் இன்னதென்று ஆராய்ந்து, அது எதனால் வந்தது என்று கண்டு, அதைத் தணிக்கும் வழியைத் தேடச் சொல்கிறார். காரணத்தைத் தேடச் சொன்னவர், நோயாளியைக் குற்றக்கூண்டில் ஏற்றவில்லை.

நேயர்களே, பிள்ளைகளுக்கு நீதி வேண்டாமென்று நான் சொல்லவில்லை. பொய் சொல்லாதே, பகிர்ந்து உண், பெரியோரை மதி என்று சொல்லத்தான் வேண்டும். அந்த நீதிக்குக் காவலாக நோயை நிறுத்தி வைக்க வேண்டாம். நோயைக் காட்டிக் கற்பிக்கத்தக்க நீதி ஒன்று இருக்கிறதென்றால், அது நோயுற்றவரிடம் நாம் எப்படி நடந்துகொள்வது என்பதுதான். காய்ச்சலில் படுத்திருக்கும் பிள்ளையின் நெற்றியில் கை வைத்து, "இது உன் தப்பில்லை கண்ணு. அம்மா பக்கத்திலேயே இருக்கிறேன்" என்று சொல்லிப் பாருங்கள். அந்தப் பிள்ளை நாளைக்கு உடம்பு சரியில்லாதபோது ஒளிந்துகொள்ளாது. நேராக உங்களிடம்தான் ஓடி வரும்.